பெங்களூரில் வீடு மாறினால் கோயிலும் மாறுமா?

4 அக்டோபர் 2025, ஒயிட்ஃபீல்ட் வாசகர் ஒருவரின் கேள்வி

பத்து வருஷத்தில் ஐந்து வாடகை வீடு மாறிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் சாமான் இறக்கி முடித்ததும் ஞாயிறு ஆராதனைக்குப் போவது நின்றுவிடுகிறது. முதல் தடவை இரண்டு மாதம், அப்புறம் ஆறு மாதம். இந்தத் தடவை ஒரு வருஷம் தாண்டிவிட்டது. பக்தி குறைந்துவிட்டது என்கிறாள் மனைவி. தூரம், டிராஃபிக் என்கிறேன் நான். இந்த ஊரில் எல்லாருக்கும் இப்படித்தானா?

5 அக்டோபர், ஞாயிறு இரவு

தூரம் காரணம் இல்லை.

நான் 2004-ல் பெங்களூர் வந்தவன். இது ஏழாவது வீடு. அல்சூர், லிங்கராஜபுரம், பி.டி.எம். லேஅவுட், மாரத்தஹள்ளி, கே.ஆர்.புரம், ஹொரமாவு, இப்போது சந்தாபுரா. கோயில் மட்டும் ஒன்றே, கன்டோன்மென்ட் பக்கம் உள்ள ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) தமிழ்ச் சபை. சர்ச் என்று ஆபீஸில் சொல்வோம். திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் அது கோயில்தான்.

லிங்கராஜபுரத்தில் இருந்தபோது கோயில் மூன்று கிலோமீட்டர். அந்த மூன்று வருஷத்தில்தான் நான் அதிகம் மட்டம் போட்டேன். பக்கத்தில்தானே இருக்கிறது, அடுத்த வாரம் போனால் போச்சு. இப்போது இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல். மாதத்தில் மூன்று ஞாயிறு போய்விடுகிறேன். அதனால் தூரம் என்று வீட்டில் சொல்லாதீர்கள், மாட்டிக்கொள்வீர்கள்.

என் கணக்கு வேறு. அல்சூரில் நாங்கள் நாலு பையன்கள் ஒரே அறை. கோயிலில் மூன்றாவது பெஞ்சு. எங்களுக்குப் பக்கவாட்டில் பெண்கள் பக்கம் ஒரு பாட்டி, சாயர்புரத்துக்காரர். என் பெயர் அவருக்குத் தெரியாது. ஒரு வாரம் போகாவிட்டால் அடுத்த வாரம் வாசலில் பிடித்துக்கொள்வார். "ஏல நீலச் சட்டை, போன வாரம் எங்க போன?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பயந்தே ஞாயிறு ஆறு மணிக்கு எழுந்தேன். 2009-ல் மகள் பிறந்ததும், அழுவாள் என்று நாங்கள் கடைசிப் பெஞ்சுக்குப் போனோம். அங்கே யாரும் கேட்கவில்லை. வீடு மாறியது மூன்று கிலோமீட்டர், பெஞ்சு மாறியது முப்பது அடி. என்னைக் கெடுத்தது அந்த முப்பது அடி.

ஒயிட்ஃபீல்ட்காரருக்கு என் கேள்வி ஒன்றே ஒன்று. ஒரு வருஷமாக நீங்கள் வராததைப் பற்றி யாராவது போன் செய்தார்களா?

6 அக்டோபர்

மேலே எழுதியதை மனைவி படித்தாள். மாதத்தில் மூன்று இல்லை, இரண்டு என்கிறாள். சரி, இரண்டரை.

8 அக்டோபர்

"வராதவர்களைக் கவனிக்கச் சபையில் கணக்கே கிடையாதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கிடையாது என்று எப்படிச் சொல்வது? சந்தா லெட்ஜர் இருக்கிறதே.

எங்கள் பொருளாளர் அண்ணாச்சி நாசரேத்காரர், ஐ.டி.ஐ. டெலிபோன் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய லெட்ஜர் சிவப்பு முதுகுள்ள நீளப் புத்தகம். இடது ஓரம் பெயர், அடுத்து முகவரி, அப்புறம் பன்னிரண்டு மாதக் கட்டம். இரண்டு வருஷத்துக்கு முன் சந்தாபுரா முகவரி கொடுக்கப் போனேன். என் வரியைத் திறந்தார். முகவரி இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டுத் தாள்மேல் ஒட்டுத் தாள், ஐந்து அடுக்கு. அந்த ஒரு இடம் மட்டும் தடித்து, பக்கத்தை மூடினால் புத்தகம் படியாமல் எழும்பி நின்றது. "தம்பி, இனிமே வீடு வாங்கும், இல்லேன்னா கோந்து வாங்கித் தாரும்" என்றார். அவருடைய வரி அதே பக்கத்தில் நாலு வரிக்கு மேலே. தூரவாணி நகர் என்று நீல மையில், ஒரே ஒரு தடவை எழுதியது.

அந்தத் தலைமுறைக்கு நாம் வீடு மாறுவது புரியவே புரியாது. எச்.ஏ.எல். 1940, ஐ.டி.ஐ. 1948, எச்.எம்.டி. 1953, பி.இ.எல். 1954, பி.இ.எம்.எல். 1964. பெங்களூரில் வரிசையாகப் பொதுத்துறை ஆலைகள் வந்தன. வேலை, குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம் எல்லாம் ஒரே வளாகத்தில். முப்பது வருஷம் ஒரே தெரு, ஒரே பஸ், ஒரே பெஞ்சு. நமக்குப் பதினோரு மாத ஒப்பந்தம். ஒரு வருஷத்தைத் தாண்டிய குத்தகை என்றால் 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் எல்லா வீட்டுக்காரரும் பதினொன்றில் நிறுத்துகிறார்கள். பக்தியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பதினோரு மாதத்தைப் பற்றியும் கொஞ்சம் பேசலாம்.

அப்புறம், சந்தா. முன்பெல்லாம் சந்தா கட்டக் கோயிலுக்குப் போயாக வேண்டும். ஆராதனை முடிந்து பக்க அறையில் வரிசை. மூன்று மாதம் பாக்கி விழுந்தால் அண்ணாச்சி கண்ணாடிக்கு மேலே பார்ப்பார். இப்போது சந்தாவுக்கு ஜிபே. நான் மாதம் பிறந்தால் படுக்கையில் இருந்தே அனுப்பிவிடுகிறேன். லெட்ஜரில் என் பன்னிரண்டு கட்டமும் நிரம்பியிருக்கும், ஆள் வராமலே. கொரோனா வருஷத்தில் வசதிக்காக வந்தது, அப்படியே நின்றுவிட்டது. வராதவனைக் காட்டிக்கொடுத்த ஒரே புத்தகத்தையும் ஏமாற்றக் கற்றுக்கொண்டோம்.

12 அக்டோபர், ஞாயிறு

இன்று போனேன். அதற்காக ஒரு வாபஸ் வாங்க வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 10-ம் தேதி மஞ்சள் வழித்தட மெட்ரோ திறந்ததில் எங்களுக்குப் பெரிய சந்தோஷம். பொம்மசந்திராவில் ஏறினால் ஆர்.வி.ரோட்டில் பச்சை, மெஜஸ்டிக்கில் ஊதா, அப்புறம் ஆட்டோ. சில்க் போர்டு சந்திப்பைத் தலைக்கு மேலே கடக்கிறோம் என்பதே ஒரு ஸ்தோத்திர பலி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ ஏழு மணிக்குத்தான் தொடங்கும். தமிழ் ஆராதனை எட்டரைக்கு. முதல் ரயிலைப் பிடித்தாலும், மூன்று ரயிலுக்கும் நின்று நின்று போய், பிரசங்கத்துக்கு முந்தைய பாட்டில்தான் உள்ளே நுழைந்தோம். காணிக்கைப் பையை மட்டும் எப்போதும் தவறவிடுவதில்லை.

ஆக, கிலோமீட்டர் காரணம் இல்லை என்பது சரி. முதல் வண்டியின் நேரம் காரணம் என்பதும் சரி. பழைய கோயில்களின் ஆராதனை நேரம், நடந்து வருகிறவர்களுக்காக வைத்தது. கன்டோன்மென்ட் 1809-ல் வந்தது. மெட்ராஸ் படைகளோடு வந்த தமிழர்கள் சிவாஜிநகர், அல்சூர், மர்ஃபி டவுன், காக்ஸ் டவுன் என்று சுற்றிக் குடியிருந்தார்கள். தமிழ்க் கோயில்களும் அங்கேயே எழும்பின. ஆறரைக்கு, ஏழுக்கு, எட்டரைக்கு மணி அடித்தால் காதில் விழும் தூரத்தில் ஆட்கள். பெங்களூரு நகர மாவட்டத்தின் மக்கள்தொகை 2001-ல் 65 லட்சம், 2011-ல் 96 லட்சம். கூடியவர்களில் பெரும்பாலோர் மணிச்சத்தம் கேட்காத ஓரங்களில் குடியேறினார்கள். மணி அதே நேரத்துக்கு அடிக்கிறது.

இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் மர்ஃபி டவுனிலிருந்து மகன் வீட்டோடு ஹொஸ்கோட்டே பக்கம் போய்விட்ட அம்மா ஒருவர் இருக்கிறார். போன புதிதில் மாதம் ஒரு தடவை வருவார், மகன் காரில் கொண்டுவந்து விட்டால். 2023 ஜூன் 11-ல் சக்தி திட்டம் வந்து பெண்களுக்குப் பஸ் இலவசம் ஆனது. அன்று முதல் இரண்டு பஸ் மாறி ஒவ்வொரு ஞாயிறும் வருகிறார். "டிக்கெட்டுக்குக் காசு இல்லாமலா இருந்தேன்? அவன்கிட்ட கேக்க வேண்டாம்ல" என்றார் இன்று. தூரம், பக்தி என்று நாம் இரண்டே காரணத்தை வைத்துக்கொண்டு பேசுகிறோம். வீட்டில் யாரிடம் கேட்டுக்கொண்டு புறப்பட வேண்டியிருக்கிறது என்பது மூன்றாவது.

14 அக்டோபர்

வெளிநாட்டில் யாராவது இதை ஆராய்ந்திருக்கிறார்களா என்று கேட்டவருக்கு: அமெரிக்காவில் நிறையவே. வெல்ச், பால்ட்ஸெல் என்று இருவர் 1984-ல் எழுதிய கட்டுரை ஒன்று நம் பேச்சுக்கு நேராக வருகிறது. ஊர் மாறுகிறவன் சர்ச்சுக்குப் போவது குறைகிறது, ஏனென்றால் மாறும்போது அவனுடைய பழக்கவழக்க உறவுகள் அறுந்துபோகின்றன என்பது அதன் சாரம். சாயர்புரத்துப் பாட்டி இதை 2004-லேயே எனக்குக் கட்டணமில்லாமல் விளக்கிவிட்டார்.

ஆனால் இதை வைத்து ரொம்பத் துள்ளவும் முடியாது. 1950-களில் அமெரிக்காவில் வருஷத்துக்கு ஐந்தில் ஒருவர் வீடு மாறினார். இப்போது பத்தில் ஒருவருக்கும் குறைவு. வீடு மாறுவதுதான் முழுக் காரணம் என்றால் அங்கே கோயில்கள் நிரம்பி வழிய வேண்டும். கேலப் கணிப்பிலோ, ஏதாவது ஒரு வழிபாட்டுத் தலத்தில் உறுப்பினராக இருப்பவர்கள் 1999-ல் 70 சதவீதம், 2020-ல் 47. அசையாமல் ஒரே வீட்டில் உட்கார்ந்துகொண்டே போகாமல் இருக்கவும் மனிதனால் முடியும்.

19 அக்டோபர்

கத்தோலிக்கர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை என்று நினைக்கிறேன். எங்களுக்குச் சந்தா எங்கே கட்டுகிறோமோ அதுதான் சபை. நான் ஹொசூருக்கே போனாலும் கன்டோன்மென்ட் ஆள்தான். அவர்களுக்கு நிலம்தான் கணக்கு. 1983-ம் வருஷத்துத் திருச்சபைச் சட்டத்தில் 518-ம் விதி, பங்கு என்பது பொதுவாக எல்லை பிரித்த நிலப்பகுதி என்கிறது. அந்த எல்லைக்குள் இருக்கும் விசுவாசிகள் எல்லாரும் அந்தப் பங்கின் மக்கள். வீடு மாறினால் பங்கும் தானாக மாறிவிடும். ஒட்டுத் தாள் வேலை இல்லை.

20 அக்டோபர், தீபாவளி

மேலே எழுதியது பாதி தப்பு. எதிர் ஃபிளாட்காரர் கத்தோலிக்கர். வடை கொடுக்க வந்தவர், இதைப் படித்துவிட்டு வாசலிலேயே முக்கால் மணி நேரம் பாடம் எடுத்தார். வெளியே பட்டாசுச் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. விழுந்தது இது.

பங்கு தானாக மாறும் என்பது காகிதத்தில் சரி. அதே சட்டத்தில் 102-ம் விதி, ஓர் இடத்தில் நிலைத்திருக்கும் எண்ணத்தோடு குடியிருந்தாலோ, ஐந்து வருஷம் முழுசாக இருந்துவிட்டாலோ அது உன் இருப்பிடம் என்கிறது. மூன்று மாதம் இருந்தால் அரை இருப்பிடம். "பெங்களூர் வாடகைக்காரன் எல்லாம் அரை இருப்பிடக்காரன்தான் சார்" என்றார். திருப்பலிக்கு எங்கே வேண்டுமானாலும் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். பங்கு தேவைப்படுவது காகிதத்துக்கு. பிள்ளைக்குப் புதுநன்மை (முதல் நற்கருணை), கல்யாணத்துக்கு ஓலை (கோயிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பு), சாவுக்குக் கல்லறை. அப்போது போய் நின்றால் புதுப் பங்கில், "உங்களைப் பார்த்ததே இல்லையே, எந்த அன்பியம்?" என்பார்கள். அன்பியம் என்றால் பங்குக்குள் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த சின்னக் குழு. பழைய பங்கில், "நீங்கள்தான் போய்விட்டீர்களே" என்பார்கள்.

அதோடு மொழி. எல்லைக்குள் இருக்கும் பங்கில் கன்னடமும் ஆங்கிலமும் இருக்கும், தமிழ்த் திருப்பலி இருக்காது. எந்த மொழிக்கு எந்த நேரம் என்பது பெங்களூர் கத்தோலிக்கக் கோயில்களில் பல வருஷத்துச் சண்டை. அதற்குள் நான் போகவில்லை, அவரும் போகவில்லை. அவர் தமிழுக்காகச் சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்துக்குப் போகிறார், செப்டம்பர் 8 திருவிழாவுக்குத் தவறாமல். மற்றபடி வியாழக்கிழமை விவேக்நகர் குழந்தை இயேசு கோயில். வியாழன்தோறும் பல மொழிகளில் நவநாள் நடக்கும் இடம். ஏன் அங்கே என்றேன். "அங்க யாரும் பேர் கேக்க மாட்டாங்க. மெழுகுவர்த்தி ஏத்தினமா, வந்தமா" என்றார்.

இது என்னைக் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. பெயர் கேட்பதால்தான் ஆள் வருகிறான் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெயர் கேட்காததால்தான் வருகிறேன் என்கிறார் இவர்.

வடை நன்றாக இருந்தது.

26 அக்டோபர்

ஒயிட்ஃபீல்ட்காரர் பதில் போட்டிருக்கிறார். ஒரு வருஷத்தில் ஒரே ஒரு போன் வந்ததாம். கட்டட நிதிக்கு.

2 நவம்பர், ஞாயிறு, கல்லறைத் திருநாள்

எதிர் ஃபிளாட்காரர் நேற்று மதியமே கே.ஜி.எஃப். (கோலார் தங்கவயல்) போய்விட்டார். சாம்பியன் ரீஃப் அவருடைய ஊர். அப்பாவும் தாத்தாவும் சுரங்கத்தில். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடியபோது இவருக்கு இருபது வயது. ஆறு வருஷம் வீட்டைக் காலி செய்யாமல், மாரிக்குப்பம் ரயிலில் தினமும் பெங்களூர் வந்து போனாராம். விடிவதற்கு முன் ஏறி, இரவு சாப்பாட்டுக்கு வீடு. இன்றைக்கும் அந்த ரயில் நிறைய அப்படித்தான் ஆட்கள். வீடு மாறினால் கோயில் போய்விடும் என்று பயந்து வீடு மாறாமலே இருப்பவர்களை நம் கணக்கில் நாம் சேர்க்கவே இல்லை. கடைசியில் இவரும் மாறினார். ஆனாலும் கல்லறைக்கு வெள்ளை அடிக்க ஒவ்வொரு வருஷமும் சுண்ணாம்பு வாளியோடு போகிறார். ஞாயிறு பூசைக்குப் பெங்களூரில் அவர் எங்கே போகிறார் என்பது பங்குச் சாமியாருக்கே தெரியாது, நவம்பர் 2 அன்று எங்கே இருப்பார் என்பது ஊருக்கே தெரியும்.

நானும் இன்று கோயில் முடிந்து ஹொசூர் ரோடு கல்லறைக்குப் போனேன். பாட்டி அங்கேதான் இருக்கிறார், 2011 முதல். வாசலில் சாமந்தி மாலை ஐம்பது ரூபாய், மெழுகுவர்த்தி பாக்கெட் முப்பது. காற்றில் திரி நிற்கவில்லை. பக்கத்துக் கல்லறைக்கு வந்த பையன் ஒருவன் காலி தண்ணீர் பாட்டிலின் அடிப்பாகத்தை அறுத்து மெழுகுவர்த்திக்குக் கூண்டாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். எனக்கும் ஒன்று கொடுத்தான். உனக்கு யார் இவர் என்று கேட்டேன், அப்பா என்றான். உங்களுக்கு என்றான். பெஞ்சுக்காரர் என்று எப்படிச் சொல்வது? சொந்தம் என்றேன்.

9 நவம்பர்

பெயர் கேட்கும் விஷயத்துக்குத் திரும்புகிறேன். ஒரு வாரமாக மண்டைக்குள் ஓடுகிறது.

பாட்டியின் கேள்வியைத் தேன் போல எழுதிவிட்டேன். அதே சபையில் என்னோடு அறையில் இருந்த நாலு பேரில் ஒருவன் வேறு சாதிப் பெண்ணைக் கட்டினான். அவளும் கிறிஸ்தவள், அவளும் சி.எஸ்.ஐ. நம் ஆட்கள் "சொந்த ஊர் எது, எந்தச் சேகரம்?" என்று ஆரம்பிப்பார்கள். சேகரம் என்றால் ஒரு குருவானவரின் கீழ் வரும் சபை வட்டாரம். கேட்கிறவருக்கு ஊர்ப் பெயர் வேண்டியதில்லை. அதிலிருந்து என்ன தெரிந்துகொள்ள வேண்டுமோ அதைத் தெரிந்துகொள்வார். அவன் மனைவியிடம் மூன்று ஞாயிறு, மூன்று வெவ்வேறு பெண்கள் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். நாலாவது ஞாயிறு அவள் வரவில்லை. கொஞ்ச நாளில் எலஹங்கா பக்கம் வீடு பார்த்துப் போனார்கள். ஆபீஸ் பக்கம் என்று காரணம் சொன்னான். அவன் ஆபீஸ் அப்போது கோரமங்களாவில்.

இப்போது ஹெப்பால் பக்கம் பெரிய ஏ.ஜி. (அசெம்ப்ளீஸ் ஆஃப் காட், பெந்தெகொஸ்தே) சபை ஒன்றுக்குப் போகிறார்கள். ஆயிரக்கணக்கில் கூட்டம், உள்ளே போனால் நாற்காலி, திரையில் பாட்டு. பத்து வருஷம் ஆகிறது, ஒரு ஞாயிறு விட்டதில்லை என்கிறான். அவனைப் பொறுத்தவரை வீடு மாறியதால்தான் கோயிலுக்குப் போவது பிழைத்தது.

அவனை இத்தனை வருஷம் "போயிட்டான்" என்ற கணக்கில்தான் வைத்திருந்தேன். நம் லெட்ஜரில் கோடு போட்ட பெயர் வேறு எங்கோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

12 நவம்பர்

"நீங்கள் எல்லாரும் விரும்பி வீடு மாறுகிறவர்கள், அதனால் பெஞ்சு, பாட்டி என்று பேச முடிகிறது" என்று ஒருவர் காட்டமாக எழுதியிருக்கிறார். உண்மை.

பி.டி.எம்.மில் எங்கள் வீட்டில் வேலை செய்த அக்கா ஈஜிபுரா குவார்ட்டர்ஸில் இருந்தவர். விழுப்புரம் பக்கத்துத் தமிழ். 2013 ஜனவரியில் அங்கே சுமார் 1,500 குடும்பங்களைக் காலி செய்து இடித்தார்கள். பல குடும்பங்கள் இடிபாட்டுக்கு எதிரே நடைபாதையில் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்தன. அக்காவின் சபை அந்த வரிசை வீடுகளில் ஒன்றிலேயே நடந்த சின்ன ஜெப அறை, முப்பது பேர். வீட்டோடு அதுவும் போனது. என் மனைவி போய்ப் பார்த்தபோது அந்த ஞாயிறு தெருவிலேயே பாய் விரித்து ஜெபம் நடந்ததாம். பாஸ்டர் ஒரு டி.வி.எஸ். மொபெட்காரர். அதற்கப்புறம் அவர்கள் நாலு திசைக்குப் போனார்கள். அவர் ஞாயிறு காலை சர்ஜாபுரா ரோடு, மதியம் அகரா, சாயங்காலம் வேறு ஒரு வீடு என்று மூன்று ஆராதனை. ஆட்கள் கோயிலுக்கு வர முடியவில்லை என்றால் கோயில் மொபெட்டில் ஏறிப் போனது.

எங்கள் பெரிய சபையில் கல் கட்டடம் இருக்கிறது, கல்லறை இருக்கிறது, லெட்ஜர் இருக்கிறது, கமிட்டித் தேர்தலில் அடிதடிகூட இருக்கிறது. மொபெட் இல்லை.

13 நவம்பர்

அடிதடி என்று எழுதியதற்கு அண்ணாச்சி போன் செய்தார். தள்ளுமுள்ளு என்று திருத்திக்கொள்கிறேன்.

30 நவம்பர், ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் காலம் தொடங்கிவிட்டது. மகளுக்கு இந்த வருஷம் திடப்படுத்தல் (கன்ஃபர்மேஷன்) வகுப்பு. சண்டையே இதில்தான்.

அவளுக்கு வயது பதினாறு, ஆறு வீடு பார்த்துவிட்டாள், நாலு பள்ளிக்கூடம். தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. பாமாலையை போனில் ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டு பாடுகிறாள். எனக்கு அந்தக் கோயில் சொந்த ஊர் மாதிரி. அவளுக்கு அது மூன்று ரயில் மாறிப் போகும் அப்பாவின் ஊர். ஓய்வுநாள் பள்ளியில் (சண்டே ஸ்கூல்) அவளோடு படித்த பிள்ளைகளில் ஒருத்தியும் இப்போது வருவதில்லை, அவர்களும் வீடு மாறிப் போனவர்கள். நான் ஒரே கோயிலில் நின்றேன் என்று பெருமையடித்துக்கொண்டேன். அவள் பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொரு வருஷமும் மாறிக்கொண்டே இருந்தார்கள். அவளை "நீலச் சட்டை" என்று கூப்பிட யாரும் நிலைத்து இருந்ததில்லை.

"எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் இங்கிலீஷ் சர்வீஸுக்குப் போறேன்பா, என் கிளாஸ்ல மூணு பேர் அங்க வர்றாங்க" என்கிறாள். மூன்று பேர். என் வாதத்தையே எடுத்து என் தலையில் போடுகிறாள். முடியாது என்று சொல்லிவிட்டு, ஏன் முடியாது என்று இரண்டு மணி நேரமாகக் காரணம் தேடிக்கொண்டிருக்கிறேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் பலமாக இருக்கிறது.

1 டிசம்பர்

போகட்டும் என்று சொல்லிவிட்டேன். இரண்டு ஞாயிறு அங்கே, இரண்டு ஞாயிறு எங்களோடு. ஐந்தாவது ஞாயிறு வரும் மாதத்தைப் பற்றிப் பேச்சுவார்த்தை நடக்கிறது.

6 டிசம்பர், சனி

ஒயிட்ஃபீல்ட்காரர் போன வாரம் பக்கத்தில் ஒரு சபைக்குப் போனாராம். முதல் நாளே வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிட்டார்கள், தினமும் காலை ஐந்து மணிக்கு வசனமும் ரோஜாப்பூவும் வருகிறது, இதற்கு என்ன செய்வது என்று கேட்கிறார். சத்தத்தை அணைத்துவிட்டு ஞாயிறு போங்கள், வேறென்ன.

எங்கள் கதை இது. ஒரு சபையின் எல்லை எது என்று தெரிய வேண்டுமென்றால், வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடப் போகும் கேரல் ரவுண்ட்ஸ் வேன் எதுவரை போகிறது என்று பாருங்கள். எங்கள் சபை வேன் சில்க் போர்டைத் தாண்டியதில்லை. இந்த வருஷமாவது வாருங்கள் என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். கோரமங்களாவில் முடிக்கவே ராத்திரி ஒன்றரை ஆகிறது என்றார். பிறகு மனமிரங்கி, ஹொசூர் ரோட்டில் ஐந்து வீடு தேறினால் தனி இரவு ஒன்று ஒதுக்கலாம் என்றார். நாங்கள் ஒன்று. ஹெப்பகோடியில் ஒரு குடும்பம், அத்திப்பெலேயில் ஒரு குடும்பம். மூன்று.

நேற்று ராத்திரி எங்கள் பிளாக்கில் நாலாவது மாடி பால்கனியில் சிவப்பு ஸ்டார் எரிவதைப் பார்த்தேன். செருப்புகூட மாட்டாமல் படியேறிப் போய் மணி அடித்தேன். திருச்சூர்க்காரர்கள். பிளம் கேக் கொடுத்தார்கள், சி.எஸ்.ஐ.யும் இல்லை, தமிழும் இல்லை. எதிர் ஃபிளாட்காரரிடம் இதைச் சொன்னேன். ஒரு ராத்திரிக்கு மட்டும் நான் சி.எஸ்.ஐ. ஆகிவிடுகிறேன், அண்ணாச்சியிடம் சொல்லாதீர்கள் என்றார். ஆக நாலு.

இன்னும் ஒரு வீடு வேண்டும். சந்தாபுரா, ஆனேக்கல், ஜிகணி பக்கம் தமிழ்க் குடும்பம் யாராவது இருந்தால் சீக்கிரம் சொல்லுங்கள், வேன் பட்டியலை 14-ம் தேதி முடித்துவிடுவார்கள். பாடுகிறவர்கள் பதினெட்டுப் பேர், டீயும் முறுக்கும் எங்கள் வீட்டில்.